நலமுள்ளவர்கள் குழுவில் என் மனைவி

பூச்சிக்கொல்லி மனித உடம்பை என்ன செய்கிறது என்று ஆராயும் ஓர் இடத்தில் நான் வேலை பார்க்கிறேன். விஞ்ஞானி இல்லை, நூலகப் பிரிவு. ஒரு காலத்தில் அலமாரி நிறைய ஆய்விதழ்கள் வந்தன. இப்போது எல்லாம் கணினியில் வருகின்றன, கேட்பவர்களுக்குத் தேடிக் கொடுப்பதுதான் என் வேலை. நடப்பதை நாள் கிழமையோடு எழுதி வைக்கும் பழக்கம் பள்ளிக்கூட நாளிலிருந்து உண்டு. தொம்மலூரில் எங்கள் தெருவின் கடைசி மரம் எப்போது வெட்டப்பட்டது, வைட்ஃபீல்டுக்கு மெட்ரோ எப்போது ஓடத் தொடங்கியது, காவிரித் தண்ணீர் எந்தெந்த நாளில் வரவில்லை என்பதெல்லாம் என்னிடம் இருக்கும். பின்னால் ஒரு டாக்டர் என்னிடம் ஒரே ஒரு நாளைத்தான் கேட்டார். அது என்னிடம் இல்லை.

நகரமே தண்ணீர் லாரிக்குக் காத்துக் கிடந்த அந்தக் கோடையில் எங்கள் நிறுவனத்தில் ஓர் ஆய்வு தொடங்கியது. ஹொசூர் ரோட்டில் பொம்மசந்திராவைத் தாண்டிப் போனால் ரோஜா வளர்க்கும் பாலிஹவுஸ்கள் இருக்கின்றன. பிளாஸ்டிக் கூரைக்குக் கீழே காற்று அசையாது. அந்தப் புழுக்கத்தில்தான் மருந்தடிப்பார்கள், அந்தப் புழுக்கத்தில்தான் பெண்கள் பூப் பறிப்பார்கள். அவர்களுடைய நுரையீரலில் அழற்சி இருக்கிறதா என்று பார்ப்பது ஆய்வின் நோக்கம்.

அழற்சி என்பது உடம்பு தன்னைக் காத்துக்கொள்ள மூட்டுகிற நெருப்பு. வேலை முடிந்ததும் அணைந்துவிட வேண்டும். அணையாமல் கனன்றுகொண்டே இருந்தால் அந்த இடத்துத் திசு மெல்ல மெல்லத் தழும்பாகிவிடும். தழும்பு விழுந்த நுரையீரல் விரியாது. இதைப் படித்துத் தெரிந்துகொள்வதற்கு முன்பே நான் காதால் கேட்டிருக்கிறேன். என் அப்பா கோலார் தங்கவயலில் சுரங்கத்துக்குள் இறங்கியவர். அவருடைய கடைசி ஆண்டுகளில் அவர் மூச்சு விடுவது பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்.

ஆய்வென்றால் ஒப்பிட்டுப் பார்க்க நலமுள்ளவர்களும் வேண்டும். மருந்து வாடையே படாத, அதே வயதுக்காரர்கள். இவர்களை 'கண்ட்ரோல்' என்பார்கள். எங்கள் கட்டடத்தில் இதற்கொரு வழக்கம் உண்டு. கண்ட்ரோலுக்கு ஆள் வேண்டுமென்றால் வெளியே தேடுவதில்லை. மாணவர்கள் கை நீட்டுவார்கள், கணக்குப் பிரிவினர் நீட்டுவார்கள், செக்யூரிட்டி நீட்டுவார். நானும் பலமுறை ரத்தம் கொடுத்திருக்கிறேன். ஒரு பிஸ்கட் பாக்கெட்டும் ஒரு ஃப்ரூட்டி டப்பாவும் கிடைக்கும். எங்களில் யாராவது நோயாளியாக இருக்கக்கூடும் என்று ஒருவருக்கும் தோன்றியதில்லை. நாங்கள் நலமுள்ளவர்கள். அதனால்தானே எங்கள் ரத்தத்தை எடுக்கிறார்கள்?

அந்த ஆய்வை நடத்திய விஞ்ஞானி ராமநாதபுரம் பக்கத்திலிருந்து வந்தவர், என்னைவிட இருபது வயதாவது இளையவர். ஒருநாள் நூலகத்துக்கு வந்து நின்றார்.

"சார், உங்க வீட்ல அக்கா வருவாங்களா? அந்த லேடீஸோட வயசுக்கு எனக்கு கண்ட்ரோல் கெடைக்கல. இங்க எல்லாம் சின்னப் பிள்ளைகளா இருக்கு."

"ஊசின்னா ஓடிப் போயிடுவா."

"ஒரே ஒரு ஊசி சார். அப்புறம் ஒரு குழாயில ஊதணும், அவ்வளவுதான்."

ஏப்ரலில் கரகத் திருவிழா முடிந்த வாரம், ஒரு வியாழக்கிழமை காலை மனைவியை அழைத்துக்கொண்டு போனேன். புதுப் புடவை கட்டிக்கொண்டு கல்யாணத்துக்குப் புறப்பட்டவள் போல வந்தாள். ஊதும் சோதனையைச் செய்யும் டெக்னீஷியன் கன்னடக்காரர். எல்லாரிடமும் அவரவர் பாஷையில் பேச முயல்வார். முதலில் கேள்விகள்.

"மேடம், என்ன கெலசா பண்றீங்க?"

"வேலைல்லாம் ஒண்ணும் இல்லைங்க. வீட்லதான், சும்மா."

"பூச்சி மருந்து ஏதாவது யூஸ் பண்றது உண்டா? தோட்டம், வயல்?"

"கொசுவத்தி ஏத்துவேன். தோட்டம்னா ஒரு துளசித் தொட்டி இருக்குது. அதுக்கும் மருந்தடிக்கணுமா?"

டெக்னீஷியன் சிரித்துவிட்டு எதையோ குறித்துக்கொண்டார். பிறகு குழாயை வாயில் வைக்கச் சொன்னார். நெஞ்சு நிறைய இழுத்து, ஒரே வீச்சில், கடைசித் துளி காற்று வரைக்கும் வெளியே தள்ள வேண்டும். அவர் கை தட்டி உற்சாகப்படுத்தினார். "ஊதி, ஊதி, ஊதி, இன்னும் இன்னும்." அவள் பாதியிலேயே இருமினாள். மறுபடி ஊதினாள். மறுபடி இருமல். முகம் சிவந்து கண்ணில் நீர் வந்தது.

"பயப்படுறீங்க மேடம். பலூன் ஊதினதே இல்லையா?"

"பசங்க பர்த்டேவுக்கு இவருதான் ஊதுவாரு. நான் கேக் வெட்டறதோட சரி."

எல்லாரும் சிரித்தோம். அவர் இன்னும் இரண்டு தடவை முயன்று பார்த்துவிட்டு, பரவாயில்லை என்று முடித்துக்கொண்டார். புடவை கட்டும் பெண்கள் பலருக்குச் சரியாக ஊத வராது, வெட்கப்படுவார்கள், இது சகஜம்தான் என்று என்னிடம் ஆறுதலாகச் சொன்னார். திரும்பும்போது ஆட்டோவில் அவள் கேட்டாள். "இன்னாங்க, நான் ஃபெயிலா?"

"ஊதத் தெரியல உனக்கு."

"பத்தாங்கிளாஸ்ல கணக்குல ஃபெயில். இப்ப மூச்சுல."

அவள் வேலை ஒன்றும் இல்லை என்று சொன்னது பொய்யில்லை. அவளும் நானும் எங்கள் தெருவும் அப்படித்தான் நினைத்திருந்தோம். பிள்ளைகள் படித்து வெளியூர் போன பிறகு அவள் பகலில் பூக் கட்டத் தொடங்கினாள். தெருப் பெண்கள் மூன்று பேர் எங்கள் முன்னறைக்கு வந்துவிடுவார்கள். கே.ஆர். மார்க்கெட்டிலிருந்து விடியற்காலையில் சாக்கில் சாமந்தியும் பட்டன் ரோஸும் காக்கடாவும் வந்து இறங்கும். ஈரத் துணியில் சுற்றி எங்கள் படுக்கையறை மூலையில் வைப்பாள், வீட்டிலேயே குளிர்ச்சியான இடம் அதுதான் என்று. கட்டும்போது ஃபேன் போடக் கூடாது, பூ வாடிப்போகும். சன்னலைத் திறந்தால் தெருத் தூசி. நால்வரும் பூக் குவியலைச் சுற்றி உட்கார்ந்து, நாரின் நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டு, சீரியல் கதையையும் அடுத்த வீட்டுக் கதையையும் பல்லிடுக்கால் பேசுவார்கள். கோயிலுக்கு, ஆபீஸ் பூஜைகளுக்கு, கிருகப்பிரவேசங்களுக்கு அந்தச் சரங்கள் போகும். அது வேலை என்று யாரும் சொன்னதில்லை. ஆபீஸிலிருந்து நான் வீட்டுக்குள் நுழையும்போது வாசலிலேயே பூ வாசம் வரவேற்கும். வெளியூரிலிருந்து வருகிற உறவினர்கள் அதை இழுத்து மூச்சு விட்டு, இந்த வீட்டில் லட்சுமி இருக்கிறாள் என்பார்கள்.

அந்த ஆண்டும் ஆடி முடியும்போதே பூ குவிந்தது. வரமகாலட்சுமி விரதம், பிறகு விநாயகர் சதுர்த்தி, பிறகு நவராத்திரி. நான்கு பேரும் மதியச் சாப்பாட்டைக்கூடக் குவியலுக்குப் பக்கத்திலேயே வைத்துச் சாப்பிட்டார்கள். ஆயுத பூஜைக்கு எங்கள் ஆய்வகத்துக்கும் அவள்தான் சரம் கட்டிக் கொடுத்தாள். ஊரெல்லாம் லாரிக்கும் லேத்துக்கும் மாலை போடுகிற நாளில் எங்கள் ஆட்கள் ஃப்ரீசருக்கும் மைக்ராஸ்கோப்புக்கும் பொட்டு வைத்து மாலை போடுவார்கள். டெக்னீஷியன் தன்னுடைய ஊதும் கருவிக்கு நீளமான மஞ்சள் சாமந்திச் சரத்தைச் சுற்றி, படம் எடுத்து எனக்கு அனுப்பினார். அதை அவளுக்குக் காட்டினேன். சந்தோஷப்பட்டாள், பிறகு இருமினாள். மழைக்காலமென்றால் பெங்களூரில் யார்தான் இருமவில்லை?

தீபாவளி விடுமுறை முடிந்த திங்கட்கிழமை அந்த விஞ்ஞானி என்னைத் தன் அறைக்கு வரச் சொன்னார். நான் ஏதோ கட்டுரை தேடித் தரக் கூப்பிடுகிறார் என்று நினைத்துப் போனேன். அவர் கதவைச் சாத்தினார். அந்தக் கட்டடத்தில் கதவைச் சாத்திப் பேசி நான் பார்த்ததில்லை.

"சார், அக்காவுக்கு உடம்பு எப்படி இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கா. ஏன்?"

அவர் நிதானமாகச் சொன்னார். ஆய்வின் எண்களையெல்லாம் இப்போதுதான் ஒன்றாக வைத்துப் பார்க்கிறார். ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் பொருட்களை அளந்ததில் நலமுள்ளவர் குழுவில் ஒரே ஓர் ஆளுக்கு மட்டும் அளவு மிக அதிகமாக வந்திருக்கிறது. சோதனைக் கிட்டில் கோளாறு, அல்லது அந்த வாரம் அந்த ஆளுக்குச் சளி இருந்திருக்கும் என்று அதை ஒதுக்கிவிட்டார்கள். ஊதும் சோதனையில் ஓர் ஆள் சரியாக ஊதவில்லை என்று அதையும் ஒதுக்கிவிட்டார்கள். ரத்தத்தை ஒரு மாணவி பார்த்தாள், மூச்சை டெக்னீஷியன் பார்த்தார். ஒதுக்கப்பட்ட இரண்டும் ஒரே ஆளுடையவை என்று யாரும் பார்க்கவில்லை.

"பாலிஹவுஸ்ல ஒரு லேடிக்கு இதே நம்பர் வந்திருந்தா அன்னைக்கே கூப்பிட்டிருப்பேன் சார்." அவர் கையிலிருந்த பேனாவை மூடித் திறந்துகொண்டிருந்தார். "கண்ட்ரோலுக்கு வந்ததால தப்பா இருக்கும்னு நெனச்சிட்டோம்."

ஏப்ரலில் எடுத்த மூச்சு. நடுவில் ஒரு பூக்காலம் முழுவதும் போயிருந்தது. என் நாற்காலிக்குப் பின்னால் ஃப்ரீசர் உறுமிக்கொண்டிருந்தது எனக்கு நினைவிருக்கிறது. அவர் ஒரு டாக்டரின் பெயரைச் சொன்னார், தானே பேசி நேரம் வாங்கித் தந்தார். நான் நூலகத்துக்குத் திரும்பி அந்த அறிகுறிகளைத் தேடினேன். உலகத்திலுள்ள எந்த ஆய்விதழையும் திறக்கும் சாவி என் கையில் இருக்கிறது. திறந்தேன். மாலைக்குள் நான் படித்ததில் பாதி எனக்குப் புரியவில்லை, புரிந்த பாதி போதுமானதாக இருந்தது. நுரையீரல் தழும்பு விழத் தொடங்கிவிட்டால் திரும்பாது என்று எழுதியிருந்தது. ஒரு கட்டுரையில் மிஞ்சிய ஆயுளை வரைபடமாகப் போட்டிருந்தார்கள். கோடு இடமிருந்து வலமாக இறங்கிக்கொண்டே போயிற்று. கணினியை அணைத்துவிட்டுக் கிளம்பினேன்.

மருத்துவமனையில் நுரையீரல் டாக்டர் முதலில் என்னைத்தான் கேட்டார். "இருமல் எப்போ ஸ்டார்ட் ஆச்சு?"

நான் எண்ணிப் பார்த்தேன். போன மழையிலா, அதற்கு முந்தைய மழையிலா? பசவனகுடி கடலைக்காய்ப் பரிஷைத் திருவிழாவுக்குப் போனபோது இருமினாளா? என் நாட்குறிப்பின் கோடு போட்ட பக்கங்கள் மனதுக்குள் புரண்டன. எந்தப் பக்கத்திலும் இருமல் இல்லை. பக்கத்தில் படுத்திருப்பவளின் இருமலை யார் எழுதி வைப்பார்கள்?

"மெதுவா வந்துச்சு சார்" என்றாள் அவள். "எப்பன்னு தெரியல. மாடி ஏறினா மூச்சு வாங்குது. வெயிட்டு போட்டுட்டேன்ல, அதான்."

டாக்டர் கேட்டுக்கொண்டே போனார். வீட்டில் புறா உண்டா? பால்கனியில் புறா எச்சம்? கிளி? சுவரில் ஈரப்பூஞ்சை? ஏர்கூலர்? பழைய மெத்தை? எல்லாவற்றுக்கும் இல்லை என்றோம். என்ன வேலை? வேலை இல்லை, வீட்டில்தான். அவர் ஆக்ஸிஜன் பார்க்கும் கிளிப்பை அவள் ஆட்காட்டி விரலில் மாட்டினார். எண் நிற்காமல் ஆடியது. விரலைத் திருப்பி வெளிச்சத்தில் பார்த்தார். நகத்திலும் அதைச் சுற்றியும் கரும்பச்சைக் கறை.

"மருதாணியா?"

"இல்ல சார். பூக் கட்டுற கறை. எவ்ளோ தேய்ச்சாலும் போவாது."

"பூவா? சாமிக்கா?"

"சாமிக்கும், ஆர்டருக்கும்."

"ஆர்டர்னா எவ்வளவு?"

"சீசன்ல ரெண்டு சாக்கு, மூணு சாக்கு. நாலு பேரு சேர்ந்து கட்டுவோம்."

டாக்டர் எழுதுவதை நிறுத்தினார். "அம்மா, இப்பதானே வேலையே இல்லன்னீங்க?"

"அது வேலையா சார்?" என்றாள் அவள். உண்மையாகவே கேட்டாள். "உக்காந்த எடத்துல கட்றது."

கிளிப்பை வேறு விரலில் மாட்டி, வராந்தாவின் அந்தக் கோடி வரை நடந்து வரச் சொன்னார். நர்ஸ் கூடவே போனாள். நான் கதவருகே நின்று பார்த்தேன். போகும்போது கையை வீசிப் போனாள். திரும்பும்போது சுவரைத் தொட்டுக்கொண்டு வந்தாள். நர்ஸ் டாக்டரிடம் கருவியை நீட்டினாள். தொண்ணூறுக்குக் கீழே இறங்கியிருந்தது. என் மனைவி என்னைப் பார்த்துச் சிரிக்க முயன்றாள். அந்த மூச்சின் சத்தம் எனக்குத் தெரிந்த சத்தம்.

மறுநாள் சி.டி. ஸ்கேன் எடுத்தார்கள். கறுப்பாக இருக்க வேண்டிய நுரையீரலில், குளிர் காலையில் பஸ் கண்ணாடியில் மூச்சுப் பட்டது போல, திட்டுத் திட்டாக வெண்மை. அது அழற்சியாக இருக்கலாம், தழும்பின் தொடக்கமாகவும் இருக்கலாம் என்றார் டாக்டர். வாய் வழியாகக் குழாய் விட்டுத் துளித் துளியாகத் திசு எடுத்துப் பார்த்தால்தான் தெரியும்.

அந்த வாரம் நான் விஞ்ஞானியிடம் பூவைப் பற்றிச் சொன்னேன். அவர் எழுந்து ஆய்வகத்துக்குள் போனார். நானும் பின்னால் போனேன். ஃப்ரீசர் கைப்பிடியில் ஆயுத பூஜைச் சரம் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. சாமிக்குப் போட்டதைத் தானாக உதிரும்வரை யாரும் கழற்ற மாட்டார்கள். பழுப்பேறிச் சருகாகியிருந்தது. அவர் கையுறை மாட்டிக்கொண்டார். நாள்தோறும் அதே கைப்பிடியை வெறுங்கையால் இழுத்துத் திறந்தவர், அன்று கையுறை மாட்டிக்கொண்டு சரத்தைக் கத்தரித்து ஒரு பையில் போட்டார்.

சில நாள் கழித்து முடிவைச் சொன்னார். பாலிஹவுஸ் பெண்களின் கையிலும் துணியிலும் எந்தெந்த மருந்துகளைத் தேடினார்களோ அவற்றில் பல, அந்தச் சருகிலும் இருந்தன. சாப்பிடும் காய்கறிக்காவது எவ்வளவு மருந்து மிஞ்சலாம் என்று ஒரு வரம்பு சொல்லி வைத்திருக்கிறார்கள். பூவை யாரும் சாப்பிடுவதில்லை.

"அப்ப இதாலதான் அவளுக்கு வந்துச்சா?"

"அப்படிச் சொல்ல முடியாது சார். பூவுல இருக்குன்னு மட்டும்தான் இது சொல்லுது. அக்கா நுரையீரல்ல என்ன நடந்துச்சுன்னு இது சொல்லல. பூவோட மகரந்தமா இருக்கலாம், ஈரச் சாக்குல பிடிச்ச பூஞ்சையா இருக்கலாம். வேற ஏதாவதும் இருக்கலாம்." கொஞ்சம் நிறுத்தி, "ஆனா நான் அவங்களா இருந்தா இன்னைக்கே நிறுத்திருவேன்" என்றார்.

அன்று மாலை வீட்டுக்குப் போனபோது நால்வரும் குவியலைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். ஏதோ பெருமாள் கோயில் ஆர்டர். நான் செருப்பைக்கூடக் கழற்றாமல் ஃபேனைப் போட்டேன், சன்னலைத் திறந்தேன். சாமந்தி இதழ்கள் பறந்தன.

"அண்ணே, பூ வாடிடும்" என்றாள் எதிர்வீட்டுப் பெண்.

அவர்களிடம் சொன்னேன். விஞ்ஞானி சொன்னதையெல்லாம், என்னால் முடிந்தவரை எளிமையாக. வாயில் நாரோடு கேட்டார்கள். ஒருத்தி மட்டும் நாரை மெல்ல எடுத்து முந்தானையில் வாயைத் துடைத்துக்கொண்டாள்.

எதிர்வீட்டுப் பெண்தான் முதலில் பேசினாள். "கல்யாணம் ஆகி வந்ததுலேர்ந்து கட்றேன். எனக்கு இன்னா வந்துச்சு? அக்காவுக்கு ஆகல, அதுக்காகப் பூவையே வெசம்னா எப்டிண்ணே?"

"உனக்கும் ஒரு தடவை பாத்துடலாம்மா. ஊதுற டெஸ்ட்டுதான்."

"ஐயய்யோ, நல்லா இருக்கறவளைக் கூட்டிட்டுப் போயி நோயாளி ஆக்கப் பாக்கறீங்களே." சிரித்தாள், ஆனால் எழுந்துவிட்டாள். ஆர்டர் பாதியில் நிற்கக் கூடாதென்று மிச்சப் பூவை அவள் வீட்டுக்கே எடுத்துப் போனார்கள். அவர்கள் போனதும் என் மனைவி ஈரத் துணியைப் பிழிந்து, தரையைத் துடைத்து, படுக்கையறை மூலையையும் துடைத்தாள். அறை காலியாகிவிட்டது, வாசம் மட்டும் போகவில்லை. சுவரிலும் திரையிலும் தலையணையிலும் இருந்தது. முன்பு இழுத்து இழுத்து முகர்ந்த வாசம். மூச்சை அடக்கிக்கொண்டு வாசலுக்குப் போய் நின்றேன்.

மார்கழியில் திசு எடுத்தார்கள். நுரையீரல் சுருங்கிப் போகலாம், ரத்தம் கசியலாம், சம்மதம் என்று நான் கையெழுத்துப் போட்டேன். ஸ்ட்ரெச்சரில் படுத்தபடி அவள் கேட்டாள்.

"இதுக்கும் ஊதணுமா?"

"இல்ல. தூங்க வெச்சிருவாங்க."

"அப்ப பாஸ் ஆயிடுவேன்."

கதவு மூடிய பிறகு, ஆய்வகத்துக்குள் போகும்போதெல்லாம் நான் பார்க்கிற மைக்ராஸ்கோப் கண்ணாடித் தகடுகள் நினைவுக்கு வந்தன. யார் யாருடைய உடம்பிலிருந்தோ வந்த திசுக்கள், மெழுகில் பதித்து, இழையாகச் சீவி, ஊதாவும் ரோஜா நிறமுமாகச் சாயம் ஏற்றி வைத்திருப்பார்கள். அழகாக இருக்கிறது என்று பல தடவை நான் சொல்லியிருக்கிறேன்.

முடிவு வர இரண்டு வாரம் ஆனது. அதற்குள் அவள் இருமும் ஒவ்வொரு தடவையும் நான் தலையைத் திருப்பினேன். அது அவளுக்கு எரிச்சலாக இருந்தது. "போலீஸ்காரன் மாதிரி பாக்காதீங்க. இருமறதுக்கே பயமா இருக்குது." அதன் பிறகு அவள் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு இருமத் தொடங்கினாள். தண்ணீர்ச் சத்தம் கேட்டால் நான் நாளிதழை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொள்வேன்.

முடிவைப் படித்த டாக்டர், நல்லதும் கெட்டதும் கலந்திருக்கிறது என்றார். திசு முழுக்க அழற்சி. அது மருந்துக்கு அடங்கக்கூடியது. ஆனால் சில இடங்களில் தழும்பு தொடங்கிவிட்டது. அது எங்கே நிற்கும், நிற்குமா என்று இப்போது சொல்ல முடியாது. ஸ்டீராய்டு மாத்திரை எழுதினார். காரணம் பூதான் என்று உறுதியாகச் சொல்ல அவராலும் முடியவில்லை. "பட் பூ பக்கமே போகாதீங்க. கட்டறது, தொடறது, ரூம்ல வெக்கிறது, எல்லாம் பேடா, வேண்டாம். மறுபடி நெருப்பு பிடிச்சுதுன்னா தழும்பு ஓடும்."

"தலையில வெக்கிறது?" என்று கேட்டாள்.

"அதுவும் பேடா அம்மா."

விஞ்ஞானி அவளை நலமுள்ளவர் குழுவிலிருந்து நீக்கினார். பாலிஹவுஸ் குழுவிலும் சேர்க்க முடியாது, அவள் அங்கே வேலை செய்தவள் இல்லை. ஆய்வில் அவளுக்கு இடமில்லாமல் போயிற்று. கேள்வித்தாளில் பூத் தொடுப்பதைப் பற்றி ஒரு கேள்வி சேர்த்திருப்பதாகவும், கண்ட்ரோல் ஆட்கள் எல்லாரையும் மறுபடி கூப்பிட்டுக் கேட்பதாகவும் சொன்னார். சிலர் கோயிலுக்குக் கட்டுகிறார்கள், ஒருவருடைய அம்மா மார்க்கெட்டில் விற்கிறார், ஒருவர் வீட்டில் ரோஜாத் தொட்டிகளுக்கு வாரம் தவறாமல் மருந்தடிக்கிறார். "மருந்தே படாத ஆளு இந்த ஊர்ல எங்க சார் கெடைப்பாங்க?" என்று என்னைக் கேட்டார். நூலகக்காரனிடம் கேட்கும் கேள்வியா அது?

உகாதிக்குப் பிறகு எடுத்த ஸ்கேனில் வெண்மை குறைந்திருந்தது. தழும்பு அப்படியே இருந்தது. நடந்து காட்டினாள், எண் அவ்வளவு இறங்கவில்லை. மாத்திரையால் முகம் உப்பி, சர்க்கரை ஏறி, கோபமும் ஏறியிருந்தது. மூச்சு மட்டும் சத்தமில்லாமல் வந்தது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும் என்றார்கள். எங்கள் வாழ்க்கை அப்போதிலிருந்து மூன்று மூன்று மாதமாகத்தான் போகிறது.

மற்றப் பெண்கள் எதிர்வீட்டில் கட்டுவதைத் தொடர்ந்தார்கள். நாரை எடுத்து வாயைத் துடைத்தாளே, அவள் மட்டும் ஒருநாள் என்னோடு வந்து ஊதிவிட்டுப் போனாள். அவளுக்கு ஒன்றுமில்லை. அந்தச் செய்தி தெருவில் அன்றே பரவியது. பார்த்தியா, பூவால ஒண்ணும் இல்ல என்று எதிர்வீட்டுப் பெண் சொன்னாளாம். மதியத்தில் அங்கிருந்து சிரிப்புச் சத்தம் வரும்போது என் மனைவி டிவியின் ஒலியைக் கூட்டுவாள்.

மறு ஆடி வந்தது. வரமகாலட்சுமி விரதத்தன்று மாலை எதிர்வீட்டுப் பெண் தாம்பூலத்துக்குக் கூப்பிட வந்தாள். வாசலுக்கு வெளியே நின்றே கூப்பிட்டாள்.

"அக்கா, நீ வரலன்னா எனக்கு விரதம் முடியாது. வந்து உக்கார வேணாம், வாங்கிட்டு மட்டும் போ."

நான் வேண்டாம் என்று கண்ணைக் காட்டினேன். என் மனைவி என்னைப் பார்க்காமல் புடவையைச் சரி செய்துகொண்டு போனாள். எங்கள் வாசலிலிருந்து பார்த்தால் எதிர்வீட்டு முன்னறை தெரியும். கலசத்தைச் சுற்றி மஞ்சளும் வெள்ளையுமாகப் பூ மலை. அவள் வாசற்படிக்கு இப்பால் நின்றாள். எதிர்வீட்டுப் பெண் குங்குமம் வைத்தாள், மஞ்சளும் வெற்றிலையும் ரவிக்கைத் துணியும் கொடுத்தாள். கடைசியாக மல்லிகைச் சரத்தை எடுத்து, தலையில் வைக்கக் கையை உயர்த்தி, நடுவில் நிறுத்திக்கொண்டாள்.

தெருவில் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கணவன் உயிரோடு எதிர்வாசலில் நிற்கும்போது ஒரு பெண் பூ வேண்டாம் என்று சொல்வதற்கு எங்கள் பக்கத்தில் ஒரே ஓர் அர்த்தம்தான் உண்டு. நான் அப்படிப்பட்ட நம்பிக்கைகள் இல்லாதவன். அந்த நிமிடத்தில் அவள் வாங்கினாலும் பயமாக இருந்தது, வாங்காவிட்டாலும் பயமாக இருந்தது.

"கையில குடுடி" என்றாள் அவள்.

வாங்கி, கையை உடம்பிலிருந்து விலக்கி நீட்டிப் பிடித்துக்கொண்டு, முகத்தை மறுபக்கம் திருப்பித் தெருவைக் கடந்து வந்தாள். கேட்டின் கம்பியில் சரத்தைத் தொங்கவிட்டாள்.

"வேணாம்னு சொல்லியிருக்கலாமே" என்றேன்.

"நீங்க குத்துக்கல்லாட்டம் நின்னுட்டு இருக்கறப்ப எப்டிங்க வேணாம்னு சொல்றது?"

உள்ளே போய் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவினாள். பிறகு கூடத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்தாள். நானும் எதிரில் உட்கார்ந்தேன். அவள் தொண்டையைச் செருமினாள். இருவரும் அசையாமல் இருந்தோம். வெளியே ஒரு ஸ்கூட்டர் போயிற்று. இருமல் வரவில்லை. எழுந்து போய் அடுப்பைப் பற்றவைக்கலாம் என்று இருவருக்கும் தோன்றவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் பார்க்கலாம் என்று அப்படியே உட்கார்ந்திருந்தோம்.